யானையின் பின்பாதி

யானையின் பின்னங்கால்களுக்கு அம்மை போட்டிருந்தது. பின்னங்காலாக நடிக்க இருந்த பையனின் வீட்டிலிருந்து செய்தி வந்தபோது நாடகம் தொடங்க அரை நாள்கூட இல்லை.

கணக்கு வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எப்போதோ ஒரு ஆசிரியர் கூட்டத்தில், "பிள்ளைங்கள வச்சு ஒரு நாடகம் போட்டா என்ன?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அது அவர் தலையில்தான் விடிகிறது. செலவுக்குத் தலைமை ஆசிரியை தாராளமாகக் கொடுப்பது அறிவுரை மட்டும்தான். "வீட்ல இருக்கறத வச்சே சமாளிங்க சார்." அப்படித்தான் அவர் வீட்டு ஜன்னல் திரைகள் ராணியின் உடுப்பாயின. இரண்டு சாம்பல் நிறப் போர்வைகளும் தலையணைப் பஞ்சும் யானையாயின. அவர் மனைவி ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டிவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாள். பேசியிருந்தால்கூடத் தேவலை.

ஆனால் இந்த வருஷம் ராணி வேஷம் அவருடைய மகளுக்கு. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இத்தனை வருஷமும் அவளுக்கு ஒரு மரம் வேஷம்கூடக் கொடுத்ததில்லை. இந்தத் தடவை தலைமை ஆசிரியையே அவளைப் பிடித்துப் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் அவள் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள்.

காலையில் சாப்பிடும்போது பதிமூன்றாம் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "அப்பா, இன்னைக்கு மேடைக்குப் பின்னால ஓடிட்டே இருக்கக் கூடாது. முன் வரிசையில அம்மா பக்கத்துல உக்காந்து என்னைப் பாக்கணும்."

"கண்டிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா. மீதி வாய்ப்பாட்டச் சொல்லு."

இப்போது அந்தச் சத்தியத்துக்குத்தான் அம்மை போட்டிருந்தது.

திரை இழுக்கும் பையனைப் பின்னங்காலாக்கிப் பார்த்தார். அவன் நெட்டை. யானை பின்பக்கம் தூக்கி, குட்டையில் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றது. முன்னங்காலாக நடிக்கும் குண்டூசியைப் பின்னால் போகச் சொன்னார். உடம்பை வைத்து வந்த பட்டப்பெயர். குரல் மட்டும் தடியானது.

"முடியாது சார். நான்தான் யானை முகம்னு எங்கம்மா எல்லாருக்கும் போன் பண்ணிட்டாங்க."

மந்திரியைக் கேட்டார். மந்திரி ஒத்துக்கொண்டான். மந்திரியின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"மந்திரியா இருந்த பையன யானைக்குப் பின்பக்கமாக்கறீங்களா? அவன் என்ன தப்பு பண்ணான்?"

"பதவி இறக்கம் இல்லைங்க. இடமாற்றம்."

அந்த அம்மாள் நேராகத் தலைமை ஆசிரியையிடம் போனார். தலைமை ஆசிரியை நேராக வாத்தியாரிடம் வந்தார்.

"யானைய எடுத்துடலாம் மேடம்" என்றார் வாத்தியார் சோர்வாக.

"நாடகத்தோட பேரே 'யானை சாப்பிடவில்லை'. யானைய எடுத்துட்டா யாரு சார் சாப்பிட மாட்டாங்க?"

கடைசியில் விளையாட்டு ஆசிரியர் மனமிரங்கி உள்ளே நுழைந்தார். நிமிர்ந்தார். போர்வை முதுகெலும்பு நெடுகக் கிழிந்தது. தையல் டீச்சர் ஊசியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஒருமுறை அளவெடுப்பதுபோல் பார்த்தார். பார்வை கணக்கு வாத்தியார்மேல் வந்து நின்றது.

"சார், நீங்கதான் இங்க இருக்கறதுலயே குள்ளம்."

அவருக்கு மறுக்கத் தெம்பில்லை. தையல் டீச்சர் அவரை யானைக்குள் வைத்தே தைத்துவிட்டார். "காட்சி முடியற வரைக்கும் அசையாதீங்க. நூல் மட்டம், அறுந்துடும்."

இருட்டில் குனிந்தபடி நின்றார் வாத்தியார். வெளியே பிள்ளைகள் குசுகுசுவென்று எதற்கோ அடித்துக்கொண்டார்கள். அதட்டக்கூட அவரால் திரும்ப முடியவில்லை. பிறகு முன்னால் யாரோ நுழைந்து தும்பிக்கையை மாட்டிக்கொள்வது தெரிந்தது.

"குண்டூசி, பயமா இருக்காடா?"

முன்னங்கால் பதில் சொல்லவில்லை.

"பதிமூணாம் வாய்ப்பாட்ட மனசுக்குள்ள சொல்லிக்கோ. பயம் போயிடும்."

முன்பாதி குலுங்கியது. பாவம், நடுங்குகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மேடை ஏறினார்கள். போர்வைக்கும் பஞ்சுக்கும் அப்பால் ராணியின் குரல் கேட்டது. "என் செல்ல யானையே, ஒரு வாயாவது சாப்பிட மாட்டாயா?" குரல் கரகரத்தது. வாரம் முழுக்க வீட்டில் கத்திக் கத்திப் பழகியதில் தொண்டை கட்டிவிட்டது போலும். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அது சிரிக்க வேண்டிய இடமே இல்லை.

"ஏன்டா சிரிக்கறாங்க? அழுதுடப் போறா. அழறாளான்னு பாருடா."

முன்னங்கால் இல்லையென்று தலையாட்டியது. தும்பிக்கையும் சேர்ந்து ஆடியதில் சபை இன்னும் சிரித்தது.

"சத்தியம் பண்ணிட்டு வந்தேன்டா" என்றார் அவர் போர்வைக்குள். முதுகு வலித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. "ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் பாத்தாச்சு. என் பிள்ளைய ஒரு தடவ பாக்கக் கொடுத்து வைக்கல. ராணி வேஷத்துல எப்படி இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

யானை நின்றுவிட்டது.

"நடடா."

ஒரு சின்னக் கை பின்னால் வந்து அவருடைய விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பிறகுதான் யானை நடந்தது. சாப்பிட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பிடித்த விரலை அந்தக் கை கடைசிவரை விடவில்லை. மேடையை விட்டு இறங்கியதும்தான் விட்டது.

தையல் டீச்சர் நூலை அறுத்ததும் வாத்தியார் பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் ராணியைத் தேடினார். எதிரே நின்றாள். வீட்டு ஜன்னல் திரை, அட்டைக் கிரீடம், அதற்குக் கீழே குண்டூசியின் முகம்.

"நீ எப்படிடா இங்க? அப்ப உள்ள யாரு?"

குண்டூசி கிரீடத்துக்குள் விரலை விட்டுச் சொறிந்தான்.

"நீங்க பின்னாடி நின்னா வாய்ப்பாடு கேப்பீங்கன்னு யாருமே உள்ள போக மாட்டோம்னுட்டோம் சார். உங்க பொண்ணுதான், 'எனக்குப் பழகிப்போச்சு'ன்னு கிரீடத்த என் தலையில வச்சுட்டு உள்ள போயிட்டா."