தலைவர் வீட்டு மலசலகூடம்

யாகப்பு ஒரு முடிவுக்கு வந்தார். உயிர் போனாலும் தலைவர் கதிரை போகக்கூடாது.

கதிரை என்றால் வெறும் பிளாஸ்ரிக் கதிரைதான். சம்பளமில்லை, படியில்லை. போர் முடிந்து விடத்தல்தீவுக் கரைக்குத் திரும்பி வந்த சனம் சேர்ந்து அமைத்த சுகாதாரக் குழுவின் தலைவர் பதவி அது. ஆனாலும் அரசாங்கக் கந்தோரிலிருந்து வருகிற ஐயாமார் "தலைவர் எங்க?" என்று கேட்கும்போது யாகப்புவின் நெஞ்சு காற்றுப் பிடித்த பாய்போல விரியும்.

வருகிற ஞாயிறு கூட்டத்தில் புதுத் தலைவர் தெரிவு. அந்தக் கதிரைக்குத்தான் பக்கத்து ஒழுங்கை ஜோன்சன் குறி வைத்திருக்கிறானாம். செய்தியைக் கொண்டுவந்தவள் மனைவி அன்ரோனெற்.

"ஆர் சொன்னது?"

"ஊரே கதைக்குது. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

"அவனுக்கு என்ன தகுதி இருக்கு?"

"உங்களுக்கு என்ன இருக்கெண்டு அவன் திருப்பிக் கேட்டா?"

யாகப்புவுக்குச் சுருக்கென்றது. "வீட்டுக்கு ஒரு மலசலகூடம், அதுதான் வீட்டுக்கு மானம்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியப் பேசியவர் யார்? அவர்தானே!

அவர் வளவிலும் ஒன்று இருந்தது. தொண்டு நிறுவனக்காரர் கட்டிக் கொடுத்தது. வீட்டுக்கு இன்னும் கதவு போட்டபாடில்லை; பூட்டுப் போடக்கூடிய ஒரே அறை அதுதான். ஆகவே நண்டு வலை, மிதப்புக்கட்டை, படகு எஞ்சின் எல்லாம் அதற்குள் சொகுசாகக் குடியிருந்தன. பூட்டின் திறப்பு தலைவரின் அரைஞாண் கயிற்றில். தலைவரின் மனைவியும் இரண்டு மகள்மாரும் விடியமுன்னம் பாம்புக்குப் பயந்து பயந்து உடைமரப் பற்றைக்குப் போனார்கள். வலைக்குக் கூரை, மனுசிக்குப் பற்றை! கேட்டால், "வலை களவு போனா ஆர் பதில் சொல்லுறது?" என்பார். மனுசிக்கு ஆர் பதில் சொல்லுவது என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் கேட்டதில்லை.

அன்ரோனெற் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"ஜோன்சன்ர கக்கூசுக்குள்ள கோழி அடை கிடக்குது."

"மெய்யே?"

"குஞ்சும் பொரிச்சிட்டுது. கக்கூசைப் பாவிக்கிற வீட்டுக்காரர்தான் குழுவில இருக்கலாம் எண்டு ஒரு தகைமை கொண்டு வாங்கோவன். ஆள் அவுட்."

யாகப்பு துள்ளி எழுந்தார். பிறகு மெல்ல இருந்தார். "அப்ப... எங்கட?"

"அதுக்கென்ன? சனம் பாக்க வரமுன்னம் சாமானை ஒரு நாளைக்குக் கடற்கரை வாடிக் கொட்டிலில போடுங்கோ, பூட்டில்லாட்டியும் ஒரு ராத்திரிக்கு ஒண்டும் ஆகாது. கூட்டம் முடியக் காவிக்கொண்டு வாறதுதானே."

"எடியேய், உனக்கும் மூளை இருக்குதடி!"

"எல்லாம் உங்களோட இருந்து வந்ததுதான்."

சனிக்கிழமை யாகப்பு வலை காவினார். எஞ்சின் காவினார். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு விளக்குமாறு பிடித்தறியாத கை, கக்கூசை மினுக்கு மினுக்கென்று மினுக்கியது. அன்ரோனெற் வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"அந்த மூலை... ஓம், அதுதான். வடிவாத் தேயுங்கோ. திறப்பை அந்தோனியார் படத்தடியில கொழுவி விடுங்கோ. கூட்டத்தில அரையில கிலுங்கினாச் சனம் என்ன நினைக்கும்?"

நியாயம்தான் என்று கொழுவினார்.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். யாகப்பு முழங்கினார். "தன்ர வீட்டில செய்யாதவன் ஊருக்குச் சொல்லக்கூடாது! கக்கூசைப் பாவிக்காத வீட்டுக்காரருக்குக் குழுவில இடமில்லை!" கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஜோன்சன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். யாகப்புவுக்கு அது கொஞ்சம் இடித்தது.

பெண்கள் பக்கத்தில் அன்ரோனெற் எழும்பினாள்.

"தலைவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனா ஒருக்காப் பாத்திட்டு விட்டாக் காணாது. மாதர் சங்கம் நினைச்ச நேரம் வந்து கதவைத் திறக்கும். உள்ளுக்கு வாளியும் சவுக்காரமும் தவிர வேற சாமான் கண்டா, அண்டைக்கே பதவி போகும். தலைவரெண்டாலும் சரி."

யாகப்பு வாயைத் திறந்தார். அதற்குள் ஊர் முழுக்கக் கை தூக்கிவிட்டது.

பிறகு தலைவர் தெரிவு. போட்டிக்கு ஒரு குஞ்சும் எழும்பவில்லை. யாகப்புவின் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் நேரே ஜோன்சனிடம் போனார்.

"என்னடாப்பா, நீ கதிரைக்குக் கேக்கேல்லையே?"

"நானோ? எனக்கேனண்ணை இந்தத் தலையிடி? நான் ஆரிட்டையும் அப்பிடிச் சொல்லேல்லையே."

"உன்ர கக்கூசுக்குள்ள கோழி..."

"எங்கட வீட்டில கோழியே இல்லையண்ணை."

பெண்கள் பக்கத்தில் அன்ரோனெற்றைக் காணவில்லை. யாகப்பு மாலையோடு வீட்டுக்கு ஓடினார். அந்தோனியார் படத்தடியில் திறப்பு இல்லை. வளவின் மூலைக்குப் போனார். மலசலகூடக் கதவு உள்பக்கம் கொண்டி போட்டுக் கிடந்தது. வாசலில் மகள்மார் இருவரும் வாளியோடு நின்றார்கள். கதவைத் தட்டினார்.

"ஆரது?" உள்ளேயிருந்து அன்ரோனெற் கேட்டாள்.

"நான்தான்டி. தலைவர். வலையை இனி எங்கயடி வைக்கிறது?"

"அதைக் குழுவில கதைப்பம். இப்ப உள்ளுக்கு ஆளிருக்கு. பிள்ளையளுக்குப் பின்னால வரிசையில நில்லுங்கோ, தலைவர்."