மிராசு நடந்த நாலு சுற்று

ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே சோலைமலை முடிவெடுத்துவிட்டார். வீட்டில் இருந்தால்தானே கண்ணம்மாள் வேலை ஏவுவாள்?

"மிராசுக்கு நடை பத்தல கண்ணம்மா. நாளையிலருந்து நாந்தான் கூட்டிட்டுப் போவேன்."

மிராசு அவர்கள் வீட்டு நாய். பெயர்தான் மிராசு, சொத்து என்று இருந்தது ஒரு கழுத்துப்பட்டை மட்டும்.

"எங்கிட்டு?"

"ஆத்தூர்ப் பக்கம் பழைய ஜமீன் தோட்டம். வருஷம் முச்சூடும் தொறந்திருக்கு. சங்கிலி போட்டிருந்தா நாயையும் விடுறாங்க."

ஆனி மாதம் கிளம்பினார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் பலகையில் மிராசு நின்றுகொண்டது. தோட்டத்தில் கிழட்டு மாமரங்கள், அல்லிக்குளம், ஜமீன்தார் காற்று வாங்கக் கட்டிய கல்மண்டபம். மண்டபத்துத் தரையின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்தார் சோலைமலை. மிராசைத் தூணில் கட்டினார். படுத்தார்.

மிராசுதான் எவ்வளவு நேரம் தூணையே பார்க்கும்? அதுவும் படுத்தது. நடுவில் விழிப்பு வந்தால் ஆளுக்கொரு பன்.

ஆடிக் காற்றில் துண்டைப் போர்த்தித் தூங்கினார். ஐப்பசி மழையில் உள்பக்கமாகத் தள்ளிப் படுத்தார். மார்கழிக்குக் கம்பளி.

"நாலு சுத்து கண்ணம்மா! முட்டி கழண்டுபோச்சு!" என்று தினமும் ரெண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து காலை நீட்டுவார். அவளும் எண்ணெய் போட்டு நீவிவிடுவாள்.

சித்திரையில் ஒருநாள் வாசலின் மூன்று படியை ஏற முடியாமல் மிராசு உட்கார்ந்துவிட்டது. நாக்கு தரையைத் தொட்டது.

"இதுக்கு நடையே இல்லையே! இப்படியே விட்டா நெஞ்சு தாங்காது" என்றார் கால்நடை மருத்துவர்.

கண்ணம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சோலைமலைக்குத் தன் நெஞ்சே தாங்காது போலிருந்தது. மிராசின் தலையைத் தடவிக்கொண்டே வீடு வந்தார்.

அன்றும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"பாவம், தெனம் நாலு சுத்து நடந்து நடந்து ஓடாப் போயிட்டீக. நாளையிலருந்து நீங்க நடக்க வேணாம். பக்கத்து வீட்டு நர்கீஸ் டீச்சருக்கு லீவுதான். அவ ஸ்கூட்டியில நானும் மிராசும் போறோம்."

"இல்ல, அது வந்து…"

"எதுக்கு? முட்டிதான் கழண்டிருக்குல்ல?"

கழன்றது என்றால் வீட்டில் இருக்க வேண்டும். கழலவில்லை என்றால் மாட்டிக்கொள்ள வேண்டும். முனகிக்கொண்டே காலை மடக்கினார்.

மறுநாள் விடிந்ததும் முறத்தில் ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் வந்தது.

"உக்காந்துகிட்டே செய்யிற வேலை. முட்டிக்கு நல்லது."

ஒரு வாரம் உரித்தார். மிராசு தினமும் காலெல்லாம் சேறும் வாலெல்லாம் குஷியுமாகத் திரும்பி, மூன்று படியையும் ஒரே தாவில் ஏறியது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எட்டாம் நாள், கண்ணில் நீர் வழிய, முறத்தைத் தள்ளினார்.

"நான் நடக்கவே இல்ல கண்ணம்மா! பூராவும் தூங்குனேன்!"

"தெரியுமே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட தோட்டத்துக்குப் போனப்ப, நீங்க வாயப் பொளந்து கிடந்ததப் போட்டோ எடுத்து ஆவணியிலயே அனுப்பிட்டா நர்கீஸ்."

"ஆவணியிலயேவா? பெறகு எட்டு மாசமா ஏன் ஒண்ணும் கேக்கல?"

கண்ணம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வீட்டுல இல்லாத அந்த ரெண்டு மணி நேரத்த ஏன் கெடுத்துக்கிடணும்?"