சுயசார்புக்கு ஒரு துணையாள்

மனித குல வரலாற்றில் பெரும் பாய்ச்சல்கள் மூன்று. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நிகழ்ந்தது. "மாற்றுத்திறனாளிகள் தம் நீரிழிவைத் தாமே நிர்வகித்தல்: சுயசார்புப் பயிற்சி முகாம்" என்று வாசலில் இருபதடிப் பதாகை கட்டியிருந்தார்கள். பார்வையற்றவர்களும் தவறவிடக் கூடாது என்று எழுத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பதாகையின் கீழ்தான் தாட்சாயணி ஆட்டோவிலிருந்து இறங்கினார். சொந்த ஊர் நகரி. சித்தூரில் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். நாற்பத்தாறு வயது; பிறவியிலிருந்து பார்வை இல்லை; பதினாறு வருடமாகச் சர்க்கரை. தனியாக வாழ்கிறார். இன்சுலின் பேனாவைத் திருகி, 'டிக் டிக்' என்ற சத்தத்தை எண்ணித் தானே ஊசி போட்டுக்கொள்கிறார். சிக்கல் ஒன்றே ஒன்று. சர்க்கரை பார்க்கும் மீட்டர் எண்ணைக் காட்டுமே தவிர வாய் திறக்காது. அடுத்த வீட்டு ரூபா வந்து படித்துச் சொல்ல வேண்டும். ரூபா பிச்சாட்டூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது குத்துமதிப்பாகப் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கி, சமையலறையில் விழுந்து, நெற்றியில் நான்கு தையல். முகாமில் பேசும் மீட்டர் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டு, புத்தலப்பட்டு வழியாக பஸ் பிடித்து வந்துவிட்டார். அந்த மீட்டரைத் தவிர வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

வாசல் மேஜையில் ஒருங்கிணைப்பாளர் வெங்கடரமணன் உட்கார்ந்திருந்தார். சேவையே உருவானவர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள்.

"கூட யார் வந்திருக்கா?"

"யாரும் இல்ல சார். நானேதான் வந்துகிறேன்."

"சித்தூர்லேர்ந்தா? தனியாவா?"

"ஆமா."

வெங்கடரமணன் பேனாவை மூடினார். "அப்போ உள்ளே விட முடியாதும்மா. இது சுயசார்புப் பயிற்சி. துணையாள் இல்லாம யாரும் வரப்படாது. ரூல் நம்பர் ஒண்ணு."

"தனியா இருக்கிறவங்களுக்குத்தான சார் சுயசார்பு?"

"தனியா வரணும்னா பயிற்சிக்கு அப்புறம் வாங்கோ."

இந்த வாதத்துக்கு உலகில் பதில் கிடையாது. தாட்சாயணி காதைத் தீட்டினார். அவரை இறக்கிவிட்ட ஆட்டோ இன்னும் வாசலில் இருமிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி முழுக்கத் தன் மச்சானைத் திட்டிக்கொண்டே வந்ததில் ஓட்டுநரின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரங்கையாண்ணா! அரை நாளைக்கு எனக்கு அண்ணனா இரு."

"உள்ள போஜனம் உந்தா?"

"இருக்காம்."

"அப்ப நானே உன் அண்ணய்யா" என்று ரங்கையா வண்டியை ஓரம் கட்டினார். பதிவேட்டின் நாற்பத்தொன்றாவது வரிசையில் ஓர் உறவு பிறந்தது.

முகாம் சிறப்பாக நடந்தது. சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்குத் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பதன் அவசியம் விளக்கப்பட்டது. காது கேளாதவர்களுக்காக ஒலிபெருக்கியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்கள். வந்த எல்லோருக்கும் வரவேற்பாக ஒரு டம்ளர் மாம்பழ ஜூஸ். பிறகு 'தனிநபர் ஆலோசனை'. வெங்கடரமணன் தாட்சாயணிக்கு எதிரே வந்து அமர்ந்து, ரங்கையாவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மாவுக்கு எத்தனை வருஷமா சுகர்?"

ரங்கையா திரும்பினார். "எத்தினி வருஷமாம்மா?"

"பதினாறு."

"பதினாறாம் சார்."

"இன்சுலின் யார் போட்டுவிடறா?"

"யாரு போடறாங்கம்மா?"

"நானே."

"அவங்களேவாம் சார்."

"அப்புறம் நீங்க எதுக்கு இருக்கேள்?"

ரங்கையா தலை குனிந்தார். வாழ்நாள் முழுதும் தங்கையைக் கவனிக்காமல் விட்ட குற்ற உணர்ச்சி, சந்தித்து ஒரு மணி நேரத்துக்குள் அவரைப் பிடித்துக்கொண்டது.

"ராத்திரி நன்னா தூங்கறாளா?"

இதற்கு மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. "தூங்குவாங்க சார். கொறட்டைதான் ஜாஸ்தி."

"யோவ்!" என்றார் தாட்சாயணி.

அடுத்து செய்முறைப் பயிற்சி. விரலில் ஊசி குத்துவது ஆபத்தான காரியம் என்பதால் பயனாளிகளை அதிலிருந்து காப்பாற்றிவிட்டார்கள். துணையாளர்கள் மட்டும் தத்தம் விரலில் குத்திப் பழகினார்கள். ரங்கையா கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினார். பேசும் மீட்டர் ஆங்கிலத்தில், ரயில்வே அறிவிப்புக் குரலில், ஏதோ எண்ணைச் சொன்னது.

"இன்னா சொல்லுது இந்தம்மா?"

"முன்னூத்தி எம்பத்தாறு" என்ற தாட்சாயணியின் குரல் மாறியிருந்தது. "காலைலேர்ந்து இன்னா துன்ன?"

"மூணு டீ. ஒரு மைசூர் பாக்கு. அப்புறம் இங்க குடுத்த ஜூஸு."

"தாகம் எடுக்குதா?"

"பாட்டில் பாட்டிலா குடிக்கிறேன். வெயிலுன்னு நெனச்சேன்."

"ஒண்ணுக்கு?"

"ஆட்டோக்காரன் எங்கம்மா போவான்? அடக்கிகினு இருக்கேன்."

"உனக்கு சுகருண்ணா."

"எனக்கா?" ரங்கையா பதறிப்போனார். "நான் கூட வந்தவன்மா!"

தாட்சாயணி அவர் கையைத் தேடிப் பிடித்தார். எதைக் குடிக்கலாம், எதைத் தொடக் கூடாது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எதைக் கேட்டு வாங்க வேண்டும், காலில் புண் வந்தால் ஏன் சும்மா விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். முகாமில் அன்று நடந்த ஒரே பாடம் அது. வெங்கடரமணன் நெகிழ்ந்து போய்ப் போட்டோ எடுக்க வந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கோம்மா. பயனாளியை மறைக்கறேள்."

தள்ளிக்கொண்ட தாட்சாயணி, ஒரு மீட்டரைக் கேட்டு வாங்கி, தன் விரலில் குத்தி, ஒரு நிமிடத்துக்குள் எண்ணைச் சொல்ல வைத்தார். நூற்று நாற்பத்திரண்டு.

"பிரமாதம்!" என்று கைதட்டினார் வெங்கடரமணன். "இவ்வளவு தெரிஞ்சவாளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாதே."

"தெரியலன்னா குடுப்பீங்களா?"

"தெரியாதவா கையில எப்படிக் குடுக்கறது? அதனாலதான் ரூல் நம்பர் ரெண்டு. கருவி துணையாளர் கையில மட்டும்தான் ஒப்படைக்கப்படும், அவர் வீட்லதான் இருக்கணும்."

தாட்சாயணிக்கு நெற்றித் தையல் விண்ணென்று தெறித்தது. மறுபடி ரூபா, மறுபடி குத்துமதிப்பு, மறுபடி சமையலறைத் தரை.

அப்போது மேடையில் மடிக்கணினியில் பதிவுகளை ஏற்றிக்கொண்டிருந்த பவன்குமார் விநியோகப் பட்டியலைப் படிக்கத் தொடங்கினான். 'பயனாளியின் ரத்தச் சர்க்கரை அளவு' என்றொரு கட்டம் அதில் இருந்தது. நாற்பத்தொன்றாவது வரிசையில் மட்டும் இரண்டு பேருடைய எண்கள் வந்திருந்தன; சர்க்கரை கூடியவர்தான் பயனாளி என்று அவன் அறிவியல் முறைப்படி முடிவு செய்திருந்தான்.

"நாப்பத்தொண்ணு. பயனாளி ரங்கையா. சர்க்கரை முன்னூத்தி எம்பத்தாறு. ஊனம், நூறு சதவீதப் பார்வையின்மை. துணையாளர் தாட்சாயணி."

"ஓரி தேவுடா!" என்று ரங்கையா எழுந்துவிட்டார். "என்கிட்ட டிரைவிங் லைசென்ஸ் இருக்கு சார்!"

"போர்ட்டல்ல ஏத்தியாச்சு" என்றான் பவன்குமார்.

"போர்ட்டல்ல ஏறினது ஏறினதுதான்" என்று வெங்கடரமணன் கைவிரித்தார். "இனிமே பிரம்மாவாலயும் மாத்த முடியாது."

"நெஜமாவே மாத்த முடியாதா சார்?" என்று கேட்டார் தாட்சாயணி.

"முடியாதும்மா."

"நல்லது. ரூல் ரெண்டு இன்னான்னு இன்னொருவாட்டி சொல்லுங்க."

"கருவி துணையாளர் கையில…" வெங்கடரமணன் பாதியில் நின்றார்.

"தம்பி, துணையாளர் பேரு இன்னா போட்டுகிற?"

"தாட்சாயணி."

"குடுங்க."

வெங்கடரமணன் மீட்டர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "ஆனா நீங்க… பார்வை…"

"என் பேருக்கு எதிர்ல அப்படி ஏதாச்சும் எழுதிகிதா?"

பவன்குமார் திரையைத் தேடினான். "துணையாளருக்கு அந்தக் கட்டமே கிடையாது சார்."

நிர்வாகம் தன் விதியை மீறியதில்லை. மீட்டர் பெட்டி தாட்சாயணியின் கைக்கு வந்தது. "அவரை ஜாக்கிரதையா அழைச்சுண்டு போங்கோ, படி இருக்கு" என்று வெங்கடரமணன் கரிசனத்தோடு எச்சரித்தார். தாட்சாயணி ரங்கையாவின் கையைப் பிடித்துப் படியிறக்கி, ஆட்டோவின் முன் சீட்டில் உட்காரவைத்தார். பிறகு பின்னால் ஏறிக்கொண்டு, "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார்.

முகாமை நடத்திய அறக்கட்டளையின் ஆண்டறிக்கை வெளிவந்துவிட்டது. வழவழ தாள். அட்டையில் ரங்கையா சிரிக்கிறார். அறுபத்திரண்டு மாற்றுத்திறனாளிகளும் சுயசார்பு அடைந்ததாக அதில் புள்ளிவிவரத்தோடு இருக்கிறது. அதைச் சந்தேகிக்க வேண்டாம். தாட்சாயணியைப் பொறுத்தவரை அது முழு உண்மை. பேசும் மீட்டர் தினமும் காலையில் அவருக்கு எண் சொல்கிறது. அவர் அதற்கேற்ப டிக் டிக்கை எண்ணிக்கொள்கிறார். மற்ற அறுபத்தொரு பேருக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை. அவர்களுடைய பெயர்கள் சரியான கட்டத்தில் பதிவாகியிருந்தன.