மூன்று மெழுகும் ஒரு கறுப்புக் காரும்

ராயபுரம்,
மே மாதம், 2009.

அன்பிலும் பண்பிலும் குறைவில்லாத மைத்துனன் சாலமனுக்கு, உன் அக்காள் புருஷன் இக்னேஷியஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் ஐரீனும் மகள் சாண்ட்ராவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே பஹ்ரைனில் நீயும் உன் மனைவி மக்களும் அவ்விதமே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நலம் விசாரித்தாயிற்று. உன் கார் மட்டும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததுமே, “மாமா, கஸ்டமர் நிக்கிறாரு, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். உன் அக்காள் பேசினால் ஒரு கஸ்டமரும் வருவதில்லை, நான் பேசினால் மட்டும் பஹ்ரைனில் உள்ள எல்லாக் காருக்கும் உன் கடையில் பாலிஷ் தேவைப்படுகிறது. ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸ் லீவில் வந்தவன், வந்தோமா கேக்கைத் தின்றோமா போனோமா என்று இல்லாமல், யாரோ ஓட்டிய பழைய கார் ஒன்றை வாங்கி எங்கள் வாசலில் நிறுத்தி, “நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ மாமா, அப்பப்ப ஓட்டு, இல்லன்னா பாட்டரி செத்துடும்” என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறினாய். அதுவும் என்ன நிறம், கறுப்பு. வேண்டாமடா என்று அன்றைக்கே சொன்னேன். “கறுப்புல அழுக்கு தெரியாது மாமா” என்றாய். நீ பிறந்தது இந்தத் தெருவில்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஹார்பரில் நிலக்கரி இறங்குகிற நாளில் கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? காலையில் துவைத்துப் போட்ட வேட்டி மத்தியானம் அடுப்படிக் கரித்துணி நிறத்தில் இருக்கிறது, மொட்டை மாடியில் காயப்போட்ட நெத்திலியை இன்னொரு தடவை கழுவிவிட்டுத்தான் குழம்பில் போட வேண்டியிருக்கிறது. இந்தக் கரி வெள்ளைக் காரில் விழுந்தால் அழுக்கு, கறுப்புக் காரில் விழுந்தால் சாம்பல் பூத்த குஷ்டம். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் விரலால் பேர் எழுதிவிட்டுப் போகிறான். துணியால் துடைத்தால் கரித்துகள் பெயிண்டைக் கீறுகிறது, துடைக்காவிட்டால் உன் அக்காள் என்னைக் கீறுகிறாள். ஹார்பரில் கிரேன் ஓட்டியே என் ஆயுசு போயிற்று, அத்தனை வருஷமும் அந்தக் கரியைத் தின்றவன் நான். என் நெஞ்சுக்கு ஒரு மெழுகு அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றியதா? உன் காருக்குத் தோன்றியது.

சாண்ட்ராவைப் பார்க்க எண்ணூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ஐரீன் உனக்குச் சொன்னாளாம், உடனே நீ ஊருக்கு வந்த உன் சிநேகிதனிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பினாய். பிரித்தால் காருக்குப் பூசுகிற மூன்று மெழுகு. ஒன்று டப்பாவில் நெய் மாதிரி உறைந்து கிடக்கிற பேஸ்ட், ஒன்று பாட்டிலில் பால் மாதிரி லிக்விடு, ஒன்று கொசுமருந்து மாதிரி அடிக்கிற ஸ்பிரே. மூன்றிலும் செராமிக் கலந்திருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எதைப் போடுவது என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் என் காதில் இன்னும் நிற்கிறது. “பேஸ்ட் ரொம்ப நாள் தாங்கும், ஆனா கை வலிக்கும். ஸ்பிரே ஈசி, ஆனா சீக்கிரம் பூடும். லிக்விடு ரெண்டுங்கெட்டான். நம்ம ஊரு வெயிலுக்கும் தூசிக்கும் எது சரிப்படும்னு நீயே பாத்துப் போடு மாமா.” ஏனப்பா, இதே தொழிலில் சோறு தின்கிறவன் நீ. மருந்துக்கடைக்காரன் மூன்று மருந்தைக் கையில் கொடுத்து, எது உன் வியாதிக்குச் சரிப்படுமோ அதை நீயே பார்த்துக் குடி என்பானா?

விஷயம் தெரிந்தவனைக் கேட்போம் என்று கொருக்குப்பேட்டையில் வாட்டர் வாஷ் வைத்திருக்கும் கமாலிடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தான். “செராமிக்னா இன்னா தெரியுமாண்ணே?” என்று கேட்டான். தெரியாது என்றேன். “பீங்கான். எங்க வூட்டு கக்கூஸ்ல கீதே, அதான். அத்த அரைச்சு மெழுவுல கலந்து வெளிநாட்டுக்காரன் வண்டில பூசறான். தண்ணி நிக்காது, அழுக்கு ஒட்டாது. கக்கூஸ்ல ஒட்டுதா, சொல்லு?” என்றான். அது எப்படி அரைபடுகிறது என்றெல்லாம் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவன் சொன்னதை வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் வாசலில் கக்கூஸ் சாமானை நிறுத்தி வைக்கப் போகிறாயா என்று என்னைத்தான் கேட்டாள். அனுப்பிய தம்பியைக் கேட்கவில்லை. தம்பி தங்கம்.

சரி, சோதித்துப் பார்த்தே தீர்ப்பது என்று காரைக் கழுவி, முன் மூடியை டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரு மெழுகைப் பூசித் துடைத்தேன். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் பேஸ்ட் கட்சி, அடுத்த வீட்டார் ஸ்பிரே கட்சி, உன் அக்காள் பாட்டிலில் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக லிக்விடு கட்சி. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். சாலமன், மூன்றிலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மூன்று கட்சியும் ஜெயித்ததாகக் கை தட்டின. நான் மட்டும் காலிச் சொம்போடு நின்றேன். எதையும் தேர்ந்தெடுக்க முடியாத தேர்வை எனக்கு வைத்த உன்னை நினைத்து அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதினால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிவரும்.

கடைசியில் வீட்டில் சமாதானம் வேண்டுமே என்று லிக்விடைத் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை உச்சி வெயிலில், நல்ல வெயிலில்தான் சீக்கிரம் காயும் என்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலத் தாராளமாக முன்னாலிருந்து ஆரம்பித்துப் பூசிக்கொண்டே வந்தேன். பின்கதவுகளுக்கு வருவதற்குள் பாட்டில் தீர்ந்துவிட்டது. காய்ந்தது. சீக்கிரமாகவே காய்ந்தது. துடைக்கப் போனால் வரவில்லை. வெந்நீர் ஊற்றினேன், வரவில்லை. உன் அக்காள் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்தாள், அதை நான் பிடுங்கி எறிந்தேன், அவள் என் மேல் எறிந்தாள். அவள் கேட்டது இது. “பாட்டில்ல இன்னா போட்டுகீதுன்னு படிச்சியாய்யா?” படித்தேன் என்றேன். படிக்கவில்லை. பொடி எழுத்து. மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. அதை எடுக்க உள்ளே போனால் எதிர்வீட்டுப் பேஸ்ட் கட்சிக்காரன் சிரிப்பான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை கிளமெண்ட் நல்ல பையன், அதிகம் பேசவில்லை. அவன் அப்பா ஞானதுரை அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிறவர், பேசினார். இறங்கியதும் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, உன் காரைத்தான் பார்த்தார். “இன்னா சம்பந்தி, வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையா கீது, யாரனா காறித் துப்பிட்டாங்களா?” என்று கேட்டார். மெழுகு என்றேன். எந்த மெழுகு என்றார். சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பேஸ்ட்தான் போட வேண்டும், எங்கள் பக்கம் மின்நிலையப் புகையோடு விழுகிற சாம்பலில் என் ஸ்கூட்டர் பேஸ்ட்டால்தான் பிழைத்திருக்கிறது என்றார். நான் பொறுமையாக, இங்கே விழுவது கரி, உங்கள் சாம்பல் போல மெத்தென்று இருக்காது, அதற்கு வேறு வைத்தியம் என்றேன்.

“கரி இன்னாங்க கரி, தண்ணி ஊத்துனா பூடும். எங்க சாம்பல் கீதே, பவுடரு மாதிரி உள்ள பூந்துரும். மழை பேஞ்சா சிமெண்டு மாதிரி கெட்டியாயிடும்” என்றார் அவர்.

“எங்க கரிய அவ்ளோ லேசா நெனைக்காதீங்க. சாம்பல்ன்றது இன்னா, எரிச்சு முடிச்ச மிச்சம். எங்களுது எரியாத சரக்கு. ஒரிஜினலு” என்றேன்.

“அப்ப எங்களுது மட்டமா?”

“நான் அப்பிடி சொல்லல. தூசின்னா அது ராயபுரத்துத் தூசிதான்னு சொல்றேன்.”

மனுஷர் எழுந்துவிட்டார். கையில் இருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “கரியில பொறந்த ராசாத்தி எங்க சாம்பல்ல வந்து எப்பிடி வாழப்போவுதோ, யோசிச்சு சொல்லி அனுப்புங்க” என்று செருப்பைத் தேடினார். உள்ளே பிரியாணி தம்மில் இருக்கிறது. உன் அக்காள் சமையற்கட்டு வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஒரே மகளின் கல்யாணம் ஒரு பாட்டில் மெழுகில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனாலும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், “சாம்பல் கழுவினா போகும்” என்று வேறு சொல்லி வைத்தேன்.

ஞானதுரை மகனைக் கூப்பிட்டார். மகனைக் காணோம். நான் சாண்ட்ராவைக் கூப்பிட்டேன். அவளையும் காணோம். வெளியே வந்து பார்த்தால் இரண்டு பேரும் காரின் பின்பக்கத்தில் நிற்கிறார்கள். வீட்டு நிழல் விழுந்திருந்த பக்கம் அது. கிளமெண்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தியிருக்கிறான், பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சாண்ட்ரா அந்தப் பேஸ்ட் டப்பாவைக் கையில் பிடித்துப் பொடி எழுத்தைப் படிக்கிறாள். “நிழல்ல வச்சுத்தான் போடணுமாம். சுண்டுவிரல் அளவு போதுமாம். ஒரு பக்கம் போட்டு, தொடச்சிட்டு, அப்பறம்தான் அடுத்த பக்கமாம்” என்று அவள் சொல்ல, அவன், “உங்கப்பா முன்கதவுல ஒரு பாட்டில் ஊத்திகீறாரு” என்றான். அவள் சிரித்தாள். என் மகள், வீட்டுக்கு வந்த ஆளோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். காய்ந்துபோன என் வெள்ளைக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மேலேயே கொஞ்சம் ஸ்பிரேயை அடித்தால் அது இளகுகிறது, மெத்தென்ற துணியால் துடைத்தால் வருகிறது. அவர்கள் பேஸ்ட் பூசித் துடைத்திருந்த பின்கதவில் ஞானதுரையின் முகமும் என் முகமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டும் விளங்காத முகங்கள்.

“பேஸ்ட்தான், பாத்தீங்களா” என்றார் ஞானதுரை. செருப்பை மறுபடி கழற்றினார். பிரியாணியில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆடி கழியட்டும், ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போனார்கள். அது வேறு விஷயம். என் கோபம் வேறு விஷயம்.

இப்போது கேள். என் சொந்த வாசலில் என் மானம் போனதற்கும், எதிர்வீட்டுக்காரன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் டப்பா மூடி திறப்பது போலக் கையை ஆட்டுவதற்கும், சம்பந்தி எந்தப் பேச்சு எடுத்தாலும் “பேஸ்ட்டு மாதிரி” என்று உவமை சொல்வதற்கும் நீதான் பொறுப்பு. நான் உன் வேலைக்காரன் அல்ல, வாட்ச்மேன் அல்ல. இன்னொருவன் சொத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு உட்கார நான் ஹார்பரில் உழைக்கவில்லை. அடுத்த லீவுக்குக் காத்திராமல் உடனே வந்து உன் காரை எடுத்துக்கொண்டு போ. வர முடியாவிட்டால் யாரிடமாவது விற்றுவிடச் சொல். அதன் பேச்சை இனி என்னிடம் எடுக்காதே.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தந்து காப்பாராக, குறிப்பாக இரண்டாவது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
கோபம் மாறாத உன் மாமா,
இக்னேஷியஸ்.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன், கோபம் போதுமான அளவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “யோவ், அது அவன் வண்டின்னு யாரு சொன்னது? ரிடையரானதுலேர்ந்து தெனம் ஹார்பர் கேட்டாண்ட போயி நின்னுகினு, வேற எவனோ ஓட்டற கிரேனை அண்ணாந்து பாத்துட்டு வர்றே. என்னால பாக்க முடில. நான்தான் தம்பியாண்ட சொன்னேன். அவன் உனக்குன்னுதான் வாங்கினான். கையில குடுத்தா நீ மூஞ்சில எறிவியோன்னு, பாத்துக்கோன்னு சொல்லி வுட்டுட்டுப் போனான்.”

ஆகவே மேலே ‘உன் கார்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் ‘என் கார்’ என்று படித்துக்கொள். ‘எடுத்துக்கொண்டு போ’ என்பதை அடித்துவிடு. திட்டுகளை அடிக்க வேண்டாம், என் காரைப் பற்றி எனக்கே சொல்லாமல் இருந்ததற்கு அவை பொருந்தும். புதுசாக எழுதலாம் என்றால் நேரமில்லை. உன் அக்காள் செருப்புகூடப் போடாமல் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கிறாள். எங்கே போக வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். “எங்கனா போ” என்கிறாள்.