உத்தரம் கேட்டவளுக்கு மணி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் மிச்சப் பற்களும் இப்போதே கொட்டட்டும். இருப்பதே இரண்டுதான், அதையும் பணயம் வைக்கிறேன்.

ஒரு பள்ளித் தலைமையாசிரியை. காலையில் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டு, மதியம் புள்ளிவிவரம், சாயங்காலம் பெற்றோர் படை. இத்தனைக்கும் நடுவே அவள் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே: மூன்றாம் வகுப்புக் கூரையின் உத்தரம். நட்டநடுவில் விரிசல். மழைக்கு முன் மாற்றாவிட்டால் பிள்ளைகள் தலையில்தான் இறங்கும்.

மேலதிகாரியிடம் ஓடினாள்.

"ஐயா, அந்த உத்தரம்..."

அவர் மேசைமேலிருந்த வெண்கல மணியைத் தட்டினார். டிங்! கண்களை மூடினார். குமாஸ்தாக்களும் மூடினார்கள், சிலருக்கு ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்துத் திறந்தார். "இதுக்குப் பேருதாம்மா மனவிழிப்பு. பள்ளித் தலைமைக்குப் பதற்றம் ஆகாதுன்னு புது ஆணை. மணி அடிச்சா எல்லாரும் கண்ண மூடி மூச்சைக் கவனிக்கணும்."

"விரிசலை யாருங்கையா கவனிக்கிறது?"

"அதையும் கவனிங்க, வேணாங்கல. குறை சொல்லாம கவனிங்க. இந்தாங்க, உங்க பள்ளிக்கு ஒரு மணி."

வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை தையல்காரம்மா வந்து நின்றாள்.

"ஏன் டீச்சர், அந்தக் கட்டைய எப்பத்தான் மாத்துவீங்க? எம் பொண்ணு அதுக்கு நேர் கீழதான் உக்கார்றா."

தலைமையாசிரியையின் கை தானாக மணியிடம் போயிற்று. டிங்! கண் திறந்தபோது எதிரே ஆளில்லை. அடடா, என்ன நிம்மதி! முதுகுவலிகூட விட்டுப்போயிற்று.

பிறகு கேட்க வேண்டுமா? பள்ளியில் ஆளுக்கொரு மணி. பாடம் ஏன் முடியவில்லை என்றால் ஆசிரியர் டிங். வாசற்கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்றால் காவலாளி டிங். பள்ளிக்கூடத்துக்குள் ஐஸ் வண்டி புகுந்தாற்போல் ஒரே மணிச்சத்தம். 'வட்டாரத்தின் மிக அமைதியான தலைமை' என்று அவளுக்கு நற்சான்று அறிவித்தார்கள்.

அதைக் கொடுக்க மேலதிகாரி வந்தார்; கூடவே மழையும் வந்தது. மூன்றாம் வகுப்பில்தான் விழா. டிங்! பெரியவர்கள் கண்ணை மூடினார்கள். மேலே 'மளுக்'. தலைமையாசிரியைக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். ஆனால் கண்ணைத் திறந்தால் நற்சான்று?

பிள்ளைகள் வழக்கம்போல் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓடுங்கடி!" என்று கத்தினாள் தையல்காரம்மா மகள். டீச்சரின் முந்தானையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எல்லோரும் வெளியே வரவும் கூரை உள்ளே இறங்கவும் சரியாக இருந்தது. நசுங்கியது நற்சான்று மட்டும்.

மறுநாளே மேலிடத்து ஆணை: 'மனவிழிப்பு நடைபெற்ற வேளையில் மாணவர்கள் கண் விழித்திருந்தமைக்குத் தக்க விளக்கம் அளிக்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறது.'

ஊரே பள்ளி முற்றத்தில் திரண்டது. "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்!" என்று ஆளாளுக்குச் சட்டைக்கையை மடித்துவிட்டார்கள். தலைமையாசிரியை எழுந்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விளக்கம் கேட்க வந்திருந்த மேலதிகாரி ஒரு பார்வை பார்த்தார். அவள் கை மணிக்குப் போயிற்று.

டிங்!

கூட்டம் மொத்தமும் கண்ணை மூடியது. தையல்காரம்மா மட்டும் கத்தினாள்: "எம் பொண்ணு செத்திருப்பாளே, யாராவது கேளுங்களேன்!"

"உஷ்! சும்மா இரும்மா," என்றது ஊர். "இப்பத்தான் மனசு அடங்குது."

இதைச் சொன்னது நான்தான் என்று தயவுசெய்து வெளியே மூச்சு விடாதீர்கள். என்ன, எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது நீ மட்டும் எப்படிப் பார்த்தாய், பார்த்தவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்களா?

டிங்!