சுக்கான் ஓட்டிய சைக்கிள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிவிட்டேன். அம்மன் கோயில் கூழ்ப் பானைக்கு நேர்ந்ததைச் சிரிப்பாக எழுதினால் தாய் கோபித்துக்கொள்வாளோ என்று, உட்காரும்போதெல்லாம் கை நின்றுவிடும். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அது ஞாபகம் வந்து உதட்டோரம் சிரிப்பது போலத்தான் இருந்தது. துணிந்துவிட்டேன்.

காத்திவாக்கத்துக் கரையில் எத்தனையோ பேர் சைக்கிள் கற்றிருக்கிறார்கள். ஆனால் சைக்கிளுக்கு நங்கூரம் கட்டி ஓட்டிய ஒரே ஜீவன், இந்த உலகத்திலேயே எங்கள் சுக்கான்தான்.

சுக்கான் என் எதிர் வீட்டுப் பெண். அப்போது மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. படகைத் திருப்பும் கட்டைக்குத்தான் சுக்கான் என்று பெயர். அவள் நைனா கடலுக்குப் போகிறவர். நடக்கக் கற்றதிலிருந்து அவரோடு படகில் ஏறி, முகத்துவாரத்துக்கு உள்பக்கம் அலையில்லாத தண்ணீரில், எஞ்சின் கைப்பிடியைத் தானே பிடித்து ஓட்டுவாள். அதனால் ஊர் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவள் டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் அவள் அம்மா ஒரு நாள், "பொட்டப் புள்ள வளந்துகினு கீது. இனிமே போட்டாண்ட போவக் கூடாது" என்று படகுக்குத் தடை போட்டுவிட்டாள். நைனாவும் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சுக்கான் அழுத அழுகையில் ஆலைச் சங்கு ஊதியது யார் காதிலும் விழவில்லை.

அழுகையை நிறுத்த மாத்தூரிலிருந்து அவள் மாமா ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். அவருடைய மூத்த மகன் ஓட்டித் தேய்த்தது. பிரேக் கிடையாது. விழாமல் தாங்குவதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரங்கள் இருந்தன. கொடுக்கும்போதே மாமா கண்டிஷன் போட்டார்.

"தோ பாரு, ஆடிக் கூழுக்கு வருவேன். இந்தச் சின்ன சக்கரம் ரெண்டும் இல்லாம ஓட்டிக் காட்னா சைக்கிள் உன்து. இல்லாங்காட்டி என் சின்னவனுக்கு எட்த்துகினு பூடுவேன்."

"எட்த்துகினு போய்தான் பாரேன்" என்றாள் சுக்கான். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சைக்கிள்னு நெனச்சிகினு கீறாரு. இது என் போட்டுக்கா."

மாமா தெருமுனை தாண்டுவதற்குள் குட்டிச் சக்கரங்கள் கழன்று வாசலில் கிடந்தன. "ஏண்டி, கொஞ்ச நாள் வெச்சுப் பழகக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நாலு காலு இருந்தா அது கட்டில்க்கா."

பிறகுதான் தெரு பட்ட பாடு தொடங்கியது. எஞ்சின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். அவள் கை அதற்குத்தான் பழகியிருந்தது. இடப்பக்கம் போக நினைத்து ஹேண்டிலை வலப்பக்கம் தள்ளுவாள். சைக்கிள் பாவம், சொன்ன பேச்சைக் கேட்டு வலப்பக்கமே போகும். என் வீட்டுச் சுவரில் மோதியது. வெயிலில் காய்ந்த நெத்திலிக் கருவாட்டின் மேல் ஏறியது. நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியைக்கூட விடவில்லை. தெருப் பையன்கள் சுற்றி நின்று கும்மாளம் போட்டார்கள்.

"இன்னா சுக்கான், கப்பல் தரை தட்டிகிச்சா?"

"தரையிலதான்டா ஓட்றேன் பேமானி. வேற எங்க தட்டும்?"

முட்டியெல்லாம் மஞ்சள் பூசி, மஞ்சளிலேயே பிறந்தவள் மாதிரி இருந்தாள். இது போதாதென்று பிரேக்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நைனாவின் பழைய சின்ன நங்கூரத்தை எடுத்து, சீட்டுக்கு அடியில் கயிற்றால் கட்டிக்கொண்டாள். நிற்க வேண்டுமென்றால் அதைப் பின்னால் வீசுவாள். நான் கொடியில் காயப்போட்டிருந்த புடவை அதில் மாட்டிக்கொண்டு கடற்கரை வரைக்கும் ஊர்வலம் போய் வந்தது. கீரை வண்டி ஒன்று, தள்ள ஆளில்லாமலே தெருக்கோடி வரை பின்னால் ஓடியது.

கூழ் ஊற்றுவதற்கு முதல் நாள் கோயில் வாசலில் புதுப் பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நங்கூரம் நேராகப் போய்ப் பெரிய பானையைப் பிடித்தது. பானை போய்விட்டது. பூசாரி நங்கூரத்தைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சுக்கான் மட்டும் சன்னிதி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"தாயே, நீ கூழ் குடி, நான் சைக்கிள் ஓட்றேன். நம்ம ரெண்டு பேருக்கும் சண்ட வேணாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. விடிந்தால் மாமா வந்துவிடுவார். இவளோ, காலைத் தரையில் ஊன்றித் தள்ளாவிட்டால் பத்தடி போவதற்குள் சாய்ந்துவிடுகிறாள்.

சாயங்காலம் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். சுக்கான் மணலில் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, கரை திரும்பும் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படகுக்கு வலப்பக்கத்திலிருந்து பெரிய அலை எழும்பி வந்தது. படகு சட்டென்று அந்தப் பக்கமே திரும்பி, அலை மேல் ஏறி இறங்கியது. இவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, வுழுறதுதாங்க்கா அல."

"இன்னாடி சொல்ற?"

"சோத்தாங்கை பக்கம் அல வந்தா போட்டு மூஞ்ச அந்தப் பக்கம்தான் காட்டணும். முதுகக் காட்னா கவுத்துடும். எந்தப் பக்கம் வுழுறனோ அந்தப் பக்கம் திருப்பணும்க்கா. நான் இத்தன நாளா முதுகக் காட்டிகினு கீறேன்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவளுக்கு முழுசும் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் ஆடி ஞாயிறு. மாமா தன் ஸ்கூட்டரில், சைக்கிளைக் கட்டி எடுத்துப்போகக் கயிறோடு வந்து இறங்கினார். கூழ் வாங்க வந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுக்கான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"பயப்படாத, நான் பின்னால புடிச்சிக்கறேன்" என்றேன்.

"ஓடி வாக்கா. ஆனா புடிச்ச, அப்பால பேஜாராய்டும்."

தாயே என்று கூப்பிட்டுக்கொண்டே கையை நீட்டியபடி பின்னால் ஓடினேன். வலப்பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கமே திருப்பினாள். இடப்பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கமே திருப்பினாள். தெரு முழுக்க அலை அடிப்பது போல அந்தச் சைக்கிள் ஆடி ஆடிப் போனது. ஆனால் விழவில்லை. சொம்போடு நின்றவர்கள் வழி விட்டார்கள். மாமாவைத் தாண்டினாள்.

"போதும், நிறுத்துடி, பாத்துட்டேன்" என்று மாமா கத்தினார்.

"நிறுத்தத் தெரியாது மாமா."

"சரி, உன்தே. அது நின்னாதான எட்த்துகினு போறதுக்கு."

தெருவும் முடிந்தது. கடற்கரை மணலில் சக்கரம் புதைந்து, சைக்கிள் தானாக நின்றது. நேரெதிரே அவள் நைனா வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"கர ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன் நைனா."

அவர் எழுந்து, படகை ஒட்டிக் கிடந்த வலையை இழுத்துத் தள்ளிப்போட்டு, ஒரு சைக்கிள் நிற்கிற அளவு இடம் பண்ணினார். "இங்க நிறுத்து" என்றார். சுக்கான் தன் போட்டை அவர் போட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

இப்போது அவள் பிளஸ் டூ படிக்கிறாள். அன்று நடந்ததற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கடலுக்குள்ளேயே ஓட்டிவிட்டாள் என்கிறார்கள். அம்மனே பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடினாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொன்னால், தயவுசெய்து இங்கே உள்ளபடியே சொல்லுங்கள். அம்மனைக்கூடச் சேர்க்க வேண்டாம். என் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பிள்ளையை அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. பின்னாலேயே ஓடினவள் நான், எனக்குத் தெரியும்.