பதினெட்டு நிமிடப் பாட்டுக்குச் சபரிநாதன் படையெடுத்த வரலாறு

கிழக்கே கொல்லிமலை காவல் நிற்க, மேற்கே காவிரி சுழித்தோட, நடுவே கோழிப்பண்ணைகளின் கொக்கரிப்பு ஓயாத நாமக்கல் திருநாட்டு மக்களே, செவி சாய்த்துக் கேளுங்கள்! முட்டை ஏற்றுமதிக் கம்பெனியொன்றின் கணக்குப் பிரிவைத் தனியாளாய்த் தாங்கும் தூண், புதுச்சத்திரம் தங்கமுத்துவின் ஒரே மருமகன், கோடையிலும் கருஞ்சட்டை களையாத கொள்கைக் குன்று, செவிவீரன் சபரிநாதன் வாழ்க! அவன் கைப்பேசி வாழ்க! ஆண்டுதோறும் உலகெங்கும் தேடிப் பொறுக்கி அவன் அதனுள் சேர்த்து வைக்கும் இசை ஆல்பங்கள் வாழ்க! அவனைத் தவிர இந்த மாவட்டத்தில் அவற்றை யாரும் கேட்டதில்லை.

அவை எத்தகைய இசை என்று அறியாதார் அறியும்பொருட்டுச் சொல்லிவிடுவோம். மெட்டல் என்பது இடி. புரோகிரசிவ் மெட்டல் என்பது கணக்குப் படித்த இடி. போஸ்ட் ராக் என்பது வருகிறேன் வருகிறேன் என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்து, பிறகு கதவை இடித்துக்கொண்டு உள்ளே வருவது. ஆம்பியன்ட் என்பது வருகிறேன் என்றும் சொல்லாதது. இவற்றுள் பின் மூன்றையும் முப்பெருந் தெய்வமாய் வணங்கிய வீரனுக்கு இந்த ஆண்டு மூன்று ஆல்பங்கள் வரமாய் வாய்த்தன. மூன்றையும் மனைவிக்குக் கேட்கக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

முதல் இரண்டு போர்களிலும் அவன் புறமுதுகிட்ட கதை சோகமானது. ஃபின்லாந்து நால்வரின் புரோகிரசிவ் மெட்டலை ஒரு காலைப்பொழுதில் சமையலறை ஸ்பீக்கரில் முழங்கவிட்டான். குளித்துக்கொண்டிருந்த மனைவி தனப்பிரியா ஈரத்தலையோடு ஓடிவந்து மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜப்பானியர் ஒருவரின் ஆம்பியன்ட்டை ஒரு வாரம் மெல்லிய ஒலியில் வீட்டில் உலவவிட்டான். அவளோ ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை வரவழைத்தாள். வந்தவன் ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டு, கம்பிரசர் போகிற சத்தம்தான் என்று தீர்ப்பும் சொல்லிக் கூலியும் பெற்றுச் சென்றான். கூலியை எண்ணிக் கொடுத்தது சபரிநாதன்தான்.

இந்த அவமானங்களையெல்லாம் வீரன் தூசாகத் துடைத்தெறிந்தான். அவனை அறுத்தது வேறொன்று. இசை பொங்கி எழுந்து, கையில் மயிர்க்கூச்செறிந்து, கண் கலங்கும் அந்த ஒரு கணத்தில், திரும்பிப் பார்த்து "கேட்டியா?" என்று கேட்க அருகே ஒருவரும் இல்லை. பிரேசிலில் இதே இசைப்பித்துக் கொண்ட நண்பன் ஒருவன் உண்டு. அவன் விழிக்கும்போது இவன் தூங்குவான். அன்பான மனைவி பக்கத்திலேயே இருந்தும் காதளவில் அவன் பிரம்மசாரியாகவே வாழ்ந்துவந்தான். அது அவனுக்கு உண்மையிலேயே வலித்தது.

அந்த வலியைத் தனப்பிரியாவும் கண்டிருக்க வேண்டும். காவிரியில் குளித்து மீன் தின்றுவர ஜேடர்பாளையம் போகலாம் என்று மாமனார் வீட்டில் முடிவான ஞாயிற்றுக்கிழமையன்று, காரின் கதவில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக நின்று அவள் தன் போர்ப் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"ஏனுங்க, இத்தன நாளாச் சொல்றீங்க. இங்கிருந்து ஜேடர்பாளையம் போற வரைக்கும் நீங்க போடறதைக் கேக்கறேன். நடுவுல பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நல்லா இருந்துச்சுன்னா இனி வண்டியில உங்க பாட்டுத்தான். இல்லீன்னா காதுல மாட்டிக்கிட்டு நீங்களே கேட்டுக்கோணும், என்னையக் கேளு கேளுன்னு இனிமே சொல்லவே கூடாது. சம்மதமுங்களா?"

"சம்மதம்!" என்றான் வீரன்.

உறையிலிருந்து மூன்றாம் வாளை உருவினான். ஐஸ்லாந்து மூவர் படைத்த 'உறைந்த துறைமுகம்' என்னும் போஸ்ட் ராக் ஆல்பம். மொத்தம் ஐந்தே பாட்டு. அவற்றுள் இறுதிப் பாட்டு மட்டும் பதினெட்டு நிமிடம். அதன் முதல் பதினான்கு நிமிடங்களில் ஒற்றைக் கிட்டார் ஒழுகும் குழாயைப்போல் சொட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் வருவதுதான் பிரளயம். ஆல்பத்தை முதலிலிருந்துதான் கேட்க வேண்டும், ஒரு நொடியைக்கூடத் தாண்டவோ பின்னுக்கு இழுக்கவோ கூடாது என்பது சபரிநாதனின் குலதர்மம். அதைச் சூரியனே வந்து கேட்டுக்கொண்டாலும் மீறமாட்டான்.

வெள்ளைத் தேர் புறப்பட்டது. பின்னிருக்கையில் இரு பெரும் படைகள் இடம்பிடித்தன. ஒருபுறம் மாமியார் கந்தம்மாள், மடியில் முறுக்குச் சம்படத்தோடு. மறுபுறம் மாமனார் தங்கமுத்து: பாரதத்தின் பாதி மாநிலங்களில் பூமியின் மார்பைத் துளைத்துத் தண்ணீர் கண்ட போர்வெல் ரிக் வண்டியின் வேந்தன், ஆனால் தன் சொந்தத் தென்னந்தோப்பில் இரண்டு முறை துளைத்தும் வெறும் கல்தூளின் புகையைத் தவிர வேறெதையும் காணாத துயரன். மூன்றாம் துளை அன்று காலைதான் தொடங்கியிருந்தது. பக்கத்தில் நின்றால் பதற்றம் தாங்காது என்று மகள்தான் அவரைக் காருக்குள் ஏற்றியிருந்தாள். காலமெல்லாம் ரிக் வண்டிக் கம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று அவருடைய காதுகள் பாதி ஓய்வு பெற்றுவிட்டதால், கண்கள் மட்டும் போனைவிட்டு அகலவில்லை. தோப்பிலிருக்கும் மேனேஜர் ஜீவானந்தத்தின் சேதிக்காகக் காத்திருந்தார்.

நாமக்கல் தாண்டும்வரை பகைவர் பலர் திரண்டுவந்தார்கள். லாரிகள் பிளிறின. வழிகாட்டும் பெண்குரல், உலகின் ஆதி மௌனத்தை ஐஸ்லாந்தார் தேடிக் கண்டடைந்த அதே நொடியில், "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது. வீரன் அதன் வாயை அடைத்தான். அடுத்து, பனித்துளி பனித்துளியின்மேல் விழும் ஓசையைவிட மெல்லிய ஓர் இடத்தில், பின்னாலிருந்து முறுக்கு உடைந்தது. ஒருமுறையன்று, முழு முறுக்கும், சுற்றுச் சுற்றாக. மாமியாரிடம் மெதுவாக மெல்லுங்கள் என்று சொல்லும் மருமகன் இக்கொங்கு நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. சபரிநாதன் ஸ்டியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டு பொறுத்தான்.

"ஏனுங் மாப்ளே, பாட்டு இன்னும் போடலீங்களா?" என்று வினவினாள் கந்தம்மாள்.

"ஓடிட்டுத்தானுங்க இருக்குது, அத்தை."

"அப்படீங்களா?" என்றவள் சிறிது நேரம் கூர்ந்து கேட்டுவிட்டு, "செரி, வரட்டும், வரட்டும்" என்று இன்னொரு முறுக்கை எடுத்தாள்.

தனப்பிரியாவோ வாக்குத் தவறாத மங்கையாய் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தாள். வேகத்தடைதோறும் அவன் ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தான். விடைத்தாள் திருத்தும் ஆசிரியையின் முகமாக இருந்தது. பிடிக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாளா என்பது தெரியவில்லை.

பரமத்தி வேலூரில் இறுதிப் பாட்டு தொடங்கியது. வெற்றிலைக் கொடிக்கால்கள் இருபுறமும் பச்சைக்கொடி பிடிக்க, வாழைத் தோட்டங்கள் கைகூப்பி வழிவிட, வாய்க்கால் ஓரச் சாலையில் வீரன் தேரைத் திருப்பினான். முன்னே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மலைபோல் அசைந்து சென்றது. ஹாரன் அடித்தால் வழி கிடைக்கும். ஆனால் அந்த ஒற்றைக் கிட்டார்மீது ஹாரன் ஒலியைச் சிந்த அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே, பின்னால் வந்த மொபட்டுகளெல்லாம் திட்டிக்கொண்டு தாண்டிப்போக, உலக வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு கார், கரும்பு டிராக்டருக்குப் பின்னால் விரும்பி ஊர்ந்தது.

கந்தம்மாள் உறங்கிப்போனாள். கிட்டார் சொட்டியது, சொட்டியது, நின்றது. பதினான்காம் நிமிடம் வந்துவிட்டதை வீரன் தன் முதுகெலும்பால் உணர்ந்தான்.

"இப்ப வரும் பாரு!" என்று முழங்கினான்.

வந்தது. அம்மம்மா, வந்தே விட்டது! நான்கு ஸ்பீக்கர்களும் ஒருங்கே கர்ச்சிக்க, இரும்பு கருங்கல்லோடு மோதிக் கல் பொடிபட, ஆயிரம் சம்மட்டிகள் பாதாளத்தின் கூரையில் பாய்ந்து விழ, ஊழிக்காற்று குழாய்க்குள் சிக்கி ஓலமிட, பண்ணும் இல்லை, பாடலும் இல்லை, அடி, அடி, அடி என்று ஒரே பேரடியாய் எழுந்த அந்த ஓசை கார்க் கண்ணாடியை அதிரவைத்து, இருக்கையை அதிரவைத்து, சபரிநாதனின் பற்களையும் அதிரவைத்தது. எத்தனையோ முறை கேட்ட பாட்டுத்தான். ஆனாலும் இப்படி ஓர் ஆழத்தை அவன் கேட்டதே இல்லை. தாளத்தை எண்ணிப் பார்த்தான். பதினொன்றிலும் அடங்கவில்லை, பதின்மூன்றிலும் அடங்கவில்லை. மேதைகள், மேதைகள் என்று உள்ளம் கூவியது. கண்ணீர் சாலையை மறைக்கவே, புளியமரம் ஒன்றின் அடியில் தேரை நிறுத்தினான்.

அப்போது அவன் கையை ஒரு கை பற்றியது. தனப்பிரியா கண்கள் விரிய அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க! இது நல்லாத்தானுங்க இருக்குது! நெஞ்சுக்குள்ளாறயே அடிக்குதுங்க!"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் முன்கையில் மயிர் குத்திட்டு நின்றதை அவன் கண்ணாலேயே பார்த்தான். சக்கரவர்த்திகள் கோட்டைகளை வென்றபோதும், வேடர்கள் வேங்கைகளை வென்றபோதும் அடைந்திராத ஆனந்தம் அந்த முட்டைக் கம்பெனிக் கணக்கனின் நெஞ்சில் பொங்கியது. இனி அவன் தனியன் அல்லன். "கேட்டியா?" என்றான். "கேட்டனுங்க" என்றாள்.

அந்நேரம், அந்தப் பேரோசையைப் பிளந்துகொண்டு, ஐஸ்லாந்து நாட்டுப் பாணன் வாய் திறந்து பாடினான்:

"அண்ணா! தண்ணி வந்துருச்சுங்கண்ணா! பிச்சுக்கிட்டு அடிக்குதுங்கண்ணா! பாருங்க, நம்ம தோப்புலதானுங்க! பாருங்கண்ணா!"

பிறகு எல்லாம் அடங்கிற்று. மரத்தில் ஒரு காகம் கரைந்தது. பின்னிருக்கையில் தங்கமுத்து போனைக் காதில் ஒட்டவைத்து எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, மறுபடியும் காதில் வைத்தார்.

"சாமி, இந்தப் போன்ல படந்தான் வருது, சத்தமே வரமாட்டீங்குது. ஜீவா என்னமோ கத்தறான், என்னன்னு பாரு" என்று மகளிடம் நீட்டினார்.

சென்ற வாரம் நாமக்கல் போகும்போது மாமனாரின் போனையும் அதே காரோடு இணைத்துக் கொடுத்த புண்ணியவான் சபரிநாதனேதான். தோப்பிலிருந்து ஜீவானந்தம் அனுப்பிய வீடியோவை அவர் திறந்த கணத்தில், காரின் ஒலி அரியணையிலிருந்து ஐஸ்லாந்து மூவர் இறக்கப்பட்டு, ரிக் வண்டி முடிசூடிவிட்டது. அவன் அழுதது மாமனாரின் கம்பிரசருக்காக. அவன் தாளம் எண்ணியது கல்லுடைக்கும் சம்மட்டிக்கு. இந்தச் சேதியை இன்றுவரை அவன் பிரேசிலுக்கு எழுதவில்லை.

"தண்ணியா? நம்ம தோப்புலயா?" என்று கந்தம்மாள் விழித்தெழுந்தாள். மகள் போனைப் பார்த்து ஆமென்று கத்தவும், தங்கமுத்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொருக்காப் போடு சாமி" என்றார். மீண்டும் கார் அதிர்ந்தது. "நல்லாக் கேக்கற மாதிரி வையுங்க மாப்ளே" என்று கந்தம்மாளும் சொன்னதால், மூன்றாம் முறை சபரிநாதன் தன் கையாலேயே ஒலியைக் கூட்டிவைத்தான். அவனுடைய காரில் அவனுடைய குடும்பம் மறுபடி மறுபடி கேட்க விரும்பிய முதல் படைப்பு அதுதான்.

அவர்கள் ஒருவழியாக ஓய்ந்து, ஐஸ்லாந்து மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, யாரும் கேளாமலே அவன் கைப்பேசிக்குள் பிரளயம் வந்து போய்விட்டிருந்தது. ஈர மணலில் அலை திரும்புவதைப்போல் கடைசிச் சுரம் மட்டும் தேய்ந்து மறைந்தது. பின்னுக்கு இழுக்கலாம்தான், விரல் திரைவரை சென்றது. குலதர்மம் அதைத் தடுத்தது.

தனப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்பை அறிவித்தாள். "நல்லா இருக்குதுன்னு நாஞ் சொன்னது வாஸ்தவந்தானுங்க. ஆனா அது எங்கப்பா பாட்டுங்க."

வீரன் வாடிய முகத்தோடு கியரை மாற்றினான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"செரி, உடுங்க. இதைக் கணக்குல சேத்த வேண்டாம். திரும்பி வாரப்ப முதல்லருந்து போடுங்க. அப்பா போனை நானே அணைச்சு வெச்சுக்கறேன். கடைசி வரைக்கும் கேக்கறனுங்க, நெசமாத்தான்."

வீழ்ந்த வீரன் எழுந்தான்! காவிரியில் மூழ்கிக் களைப்பைக் கழுவி, அணைக்கட்டின் அருகே சுடச்சுட வறுத்த மீனை மாமனார் மகிழ்ச்சியில் தட்டுத் தட்டாய் வாங்கிக் குவிக்க அவற்றை அள்ளியள்ளி அனைவரும் உண்டு, வெயில் சாய்ந்து கொடிக்கால்களின்மேல் பொன்பூசிய நற்பொழுதில், மாமனாரின் போன் அணைந்து மகளின் கைப்பைக்குள் சிறைபுக, முறுக்குச் சம்படம் காலியாகி டிக்கிக்குள் நாடுகடத்தப்பட, வழிகாட்டும் குரல் வாயடைக்கப்பட, கரும்பு டிராக்டர்களும் மாலை கருதி ஓய்ந்துவிட, பகையென்று சொல்ல ஒரு தூசுமில்லாத அந்தச் சாலையில், தன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த இரு செவிகளை அருகே அமர்த்திக்கொண்ட சபரிநாதன், உள்ளம் நிமிர, 'உறைந்த துறைமுக'த்தின் முதல் பாட்டின் முதல் சுரத்தை வெற்றிச் சங்கென ஒலிக்கவிட்டான்.

பரமத்தி வேலூர் வருவதற்குள் தனப்பிரியா தூங்கிவிட்டாள்.